கொலுசு கறுப்பதும் கம்பி துருப்பிடிப்பதும் ஒன்றுதானா?

கேள்வி இதுதான்: “ஒரு பொருளோடு ஆக்சிஜன் சேர்வதுதான் ஆக்சிஜனேற்றம் என்று படித்தேன். அப்புறம் ஹைட்ரஜன் நீங்குவதும் அதுதான் என்றார்கள். பிளஸ் ஒன் வந்ததும் எலக்ட்ரானை இழப்பது என்கிறார்கள். இதில் எது உண்மை? இரும்பு துருப்பிடிப்பது, வெள்ளி கறுப்பது, வெட்டிவைத்த வாழைக்காய் நிறம் மாறுவது எல்லாம் ஒன்றுதானா?”

பல வருடங்களாக மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுத்துவருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். கேட்காதவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மூன்று வரையறையையும் மனப்பாடம் செய்து மூன்று மதிப்பெண் வாங்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றும் சரி. ஓர் அணு தன் எலக்ட்ரானையோ, எலக்ட்ரானில் தனக்கிருந்த பங்கையோ இன்னொன்றிடம் விட்டுவிட்டால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது. அதை வாங்கிக்கொண்டது ஒடுக்கம் அடைந்தது. அந்த இடத்தில் ஆக்சிஜன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம் அந்தப் பெயர்தான். அதனால் பெயர் வந்த கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வேதியியலாளர்கள் பலர், எரியும் பொருளிலிருந்து ‘புளோஜிஸ்டன்’ என்ற ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்று நம்பினார்கள். அடுப்பில் ஒரு கட்டு விறகு வைத்தால் ஒரு பிடி சாம்பல்தான் மிஞ்சுகிறது. அப்படித் தோன்றியதில் தப்பில்லை. பாரிசில் லவாய்சியர் தராசை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கந்தகமும் பாஸ்பரசும் எரிந்தால் எடை கூடியது. வெள்ளீயத்தை மூடிய கலத்தில் வைத்துச் சூடாக்கினால் கலத்தின் மொத்த எடை மாறவில்லை, உள்ளே உலோகத்தின் எடை கூடியிருந்தது, காற்று குறைந்திருந்தது. அந்தச் சமயத்தில், 1774இல், இங்கிலாந்தின் ப்ரீஸ்ட்லி வெயிலை லென்சால் குவித்துப் பாதரசத்தின் சிவப்புப் பொடியைச் சூடாக்கி, மெழுகுவத்தியைப் பளீரென்று எரியவைக்கும் ஒரு வாயுவைப் பிடித்திருந்தார். ஸ்வீடனில் ஷீலே அதற்கு முன்பே அதே வாயுவைத் தயாரித்திருந்தார், ஆனால் அவர் புத்தகம் அச்சேறத் தாமதமாகிவிட்டது. எரிவது என்றால் இந்த வாயு சேர்வதுதான் என்று முடிச்சை அவிழ்த்தவர் லவாய்சியர்.

அவிழ்த்தவரே ஒரு புது முடிச்சையும் போட்டுவிட்டார். எல்லா அமிலங்களிலும் இந்த வாயு இருக்கிறது என்று நம்பி, ‘அமிலத்தை உண்டாக்குவது’ என்ற பொருள் வரும் கிரேக்கச் சொற்களால் அதற்கு ஆக்சிஜன் என்று பெயர் வைத்தார். 1810இல் ஹம்ப்ரி டேவி, குளோரின் ஒரு தனிமம்தான், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது என்று காட்டினார். அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. நாமும் அந்தப் பெயரை வைத்தே ‘ஆக்சிஜனேற்றம்’ என்று சொல் உண்டாக்கிக்கொண்டோம். இலங்கைப் பாடநூல்களில் இது ஒட்சியேற்றம்; அதற்கு நேர்மாறான ஒடுக்கத்துக்கு அவர்கள் சொல்வது தாழ்த்தல். தற்செயலோ என்னவோ, ‘ஏற்றம்’, ‘தாழ்த்தல்’ என்ற இரண்டும் அருமையாகப் பொருந்திவிட்டன. எலக்ட்ரான் வரவு செலவைக் காட்ட ‘ஆக்சிஜனேற்ற எண்’ என்று ஒன்று உண்டு, பிறகு விளக்குகிறேன். ஆக்சிஜனேற்றத்தில் அது ஏறும், ஒடுக்கத்தில் தாழும். பெயரின் முன்பாதியை மறந்துவிட்டுப் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சரி, எலக்ட்ரான் எங்கிருந்து வந்தது? 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானை அடையாளம் கண்டார். அதன் பிறகு பழைய வினைகளை எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் துலங்கியது. மக்னீசியம் நாடாவை ஆக்சிஜனில் எரித்தால் ஒவ்வொரு மக்னீசியம் அணுவும் 2 எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. அதே நாடாவைக் குளோரின் வாயுவில் எரித்தால்? அப்போதும் வெளிச்சத்தோடு எரிகிறது, அப்போதும் அதே 2 எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது, இந்த முறை குளோரினிடம். மக்னீசியத்துக்கு நடந்தது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஒன்றுக்கு ஆக்சிஜனேற்றம், மற்றதுக்கு வேறு பெயர் என்றால் அது நியாயமாக இருக்காது. அதனால் வரையறை எலக்ட்ரான் பக்கம் நகர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், எரியும்போது ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்ற புளோஜிஸ்டன்காரர்களின் பேச்சிலும் ஒரு துளி உண்மை இருந்திருக்கிறது.

மாணவர்கள் இந்த இடத்தில் மடக்குவார்கள்: “உலோகம் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சமையல் வாயு எரியும்போது யாரும் எலக்ட்ரானை முழுசாகக் கொடுப்பதில்லையே? அங்கே பிணைப்புகளில் பங்குதானே போடுகிறார்கள்?” நல்ல கேள்வி. பங்கு போடுவதிலும் யார் கை ஓங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கார்பனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரானைப் பங்குபோட்டால் கார்பன் பக்கம் கொஞ்சம் சாயும். கார்பனும் ஆக்சிஜனும் பங்குபோட்டால் ஆக்சிஜன் பக்கம் நன்றாகவே சாயும். ஆக, கார்பனிடமிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கினாலும் கார்பனுக்கு நட்டம், அதன்மேல் ஆக்சிஜனை ஏற்றினாலும் நட்டம். பழைய இரண்டு வரையறைகளும் எலக்ட்ரான் வரையறைக்குள் அடங்குவது இப்படித்தான்.

இந்த நட்டத்தைக் கணக்கில் எழுதத்தான் ஆக்சிஜனேற்ற எண். பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரான்களை வலுவாக இழுப்பவர் பெயருக்கே முழுசாக எழுதிவிடுவது இதன் விதி. மீத்தேனில் நான்கு ஹைட்ரஜனிடமிருந்தும் கார்பன் பெயருக்கு வரவு. அதன் எண் -4. எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆனதும் இரண்டு ஆக்சிஜனும் வாரிக்கொள்கின்றன; கார்பனின் எண் +4. ஒரு கார்பன் அணு 8 எலக்ட்ரான்களை விட்டிருக்கிறது. இது கணக்குப்பிள்ளையின் வசதிக்கான எண் என்பதையும் சொல்லியாக வேண்டும். கார்பன் டை ஆக்சைடில் இருக்கும் கார்பனின்மேல் உண்மையிலேயே +4 மின்சுமை உட்கார்ந்திருப்பதாக நினைத்துவிடக் கூடாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு: ஆக்சிஜனைவிட வலுவாக இழுக்கும் ஒரே தனிமம் ஃபுளோரின். அதோடு சேரும்போது ஆக்சிஜனே எலக்ட்ரான் பங்கை இழந்து ஆக்சிஜனேற்றம் அடைகிறது!

இனி வீட்டுக்குள் வரலாம். கொலுசிலிருந்தே தொடங்குகிறேன்.

சாதாரண வெப்பநிலையில் வெள்ளியை ஆக்சிஜன் மட்டும் ஒன்றும் செய்துவிடாது. அதைக் கறுக்கவைப்பது கந்தகம். காற்றில் சிறிதளவு இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, முட்டை, கம்பளித் துணி, ரப்பர் பேண்ட் எல்லாவற்றிலும் கந்தகம் உண்டு. வெள்ளி எலக்ட்ரானை இழந்து, கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகப் படிகிறது. அந்தக் கறுப்பில் ஆக்சிஜன் இல்லை, ஆனாலும் வெள்ளிக்கு நடந்தது ஆக்சிஜனேற்றம்தான். கடைகளில் ‘ஆக்சிடைஸ்டு’ என்று கறுப்புப் பூச்சோடு தொங்கும் வெள்ளி ஜிமிக்கிகளும் பெரும்பாலும் கந்தகச் சேர்மத்தில் முக்கிக் கறுக்கவைத்தவைதான். பழைய வரையறைப்படி அந்தப் பெயர் தவறு, புதிய வரையறைப்படி சரி. நகைக்கடைக்காரர் நம்மை முந்திக்கொண்டார். வெள்ளிச் சாமான்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்காதீர்கள். ரப்பரைக் கெட்டிப்படுத்தச் சேர்ப்பதே கந்தகம்தான்.

கறுத்த கொலுசைத் திருநீறு போட்டோ பல்பொடி போட்டோ தேய்த்தால் பளபளப்பு வரும். ஆனால் அங்கே சல்பைடோடு கொஞ்சம் வெள்ளியும் தேய்ந்து போகிறது. இதைச் செய்து பாருங்கள்: ஒரு பீங்கான் கிண்ணத்தின் அடியில், சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை விரித்து, கொலுசு அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வையுங்கள். இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா போட்டுக் கொதிக்கும் நீரை ஊற்றுங்கள். நுரைக்கும், அழுகிய முட்டை வாடை லேசாக வரும், சில நிமிடங்களில் கறுப்பு கண்ணெதிரே வெளுக்கும். அலுமினியம் எலக்ட்ரான் கொடுப்பதில் தாராளம். அது கொடுத்ததை வெள்ளி வாங்கிக்கொண்டு மறுபடி உலோகமாகிறது. கந்தகம் விலகி ஹைட்ரஜன் சல்பைடாக வெளியேறுகிறது, வாடை அதனுடையது. சோடாவுக்கு இரண்டு வேலை: அலுமினியத்தின் மேல் இருக்கும் ஆக்சைடு படலத்தைக் கரைப்பது, நீரில் மின்சாரம் ஓட வழிசெய்வது. கொலுசு தாளைத் தொடாவிட்டால் எலக்ட்ரான் கைமாற வழியில்லை, ஒன்றும் நடக்காது. கல் பதித்த நகையை இதில் போடாதீர்கள். ‘ஆக்சிடைஸ்டு’ ஜிமிக்கியையும் போடாதீர்கள், அதன் அழகே போய்விடும்.

பித்தளை விளக்கைப் புளி போட்டுத் துலக்குவதும் இதே கதைதான் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. பித்தளையில் இருக்கும் செம்பு ஏற்கனவே ஆக்சைடாகிப் படலமாக இருக்கிறது. புளியின் டார்டாரிக் அமிலம் அந்தப் படலத்தைக் கரைத்து வெளியேற்றுகிறது, அடியில் இருந்த புது உலோகம் மின்னுகிறது. யாரும் செம்புக்கு எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொலுசில் நடந்தது ஒடுக்கம், விளக்கில் நடந்தது வெறும் கரைப்பு. செம்பு, பித்தளைப் பாத்திரங்களின் உட்புறம் ஈயம் பூசியதற்கும் இதுவே காரணம். புளிப்பும் காற்றும் சேர்ந்தால் செம்பு மெல்லக் கரைந்து குழம்பில் கலக்கும், களிம்பு ஏறும். அந்த ‘ஈயம்’ வெள்ளீயம் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், கறுப்பு ஈயம் நஞ்சு.

இப்போது துரு. கேள்வியில் நான் அதிகம் பேச விரும்பும் இடம் இதுதான். வகுப்பில் ஒரு சோதனை செய்துகாட்டுவேன். உப்புக்காகிதத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டின்மேல் ஒரே ஒரு பெரிய துளி உப்புத் தண்ணீர். அதில் முன்பே இரண்டு பொருள்கள் கலந்திருப்பேன்: இரும்பு கரைந்தால் நீலமாகும் பொட்டாசியம் ஃபெரிசயனைடு, காரம் உண்டானால் இளஞ்சிவப்பாகும் பினால்ப்தலீன். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலப் புள்ளி, சிவப்புப் புள்ளி தோன்றும். கொஞ்ச நேரம் போனால் நடுவில் நீலம் திரண்டு, விளிம்பில் இளஞ்சிவப்பு வளையம் கட்டிவிடும். மாணவர்களிடம் அப்போது கேட்பேன்: இரும்பு எங்கே கரைகிறது? நடுவில். காற்று எங்கே எளிதில் நுழைகிறது? விளிம்பில். அதாவது ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் இடம் தப்பித்துக்கொள்கிறது, கிடைக்காத இடம் அரிக்கப்படுகிறது!

காரணம் இது. நடுவில் இருக்கும் இரும்பு எலக்ட்ரானை விட்டுவிட்டு, மின்சுமை ஏறிய அணுவாக, அதாவது அயனியாகக் கரைகிறது. அந்த எலக்ட்ரான் தகட்டுக்குள்ளேயே ஓடி விளிம்புக்குப் போய், அங்கே நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனிடம் சேர்கிறது. அங்கே காரம் உண்டாகிறது. நடுவிலிருந்து வரும் இரும்பு அயனியும் விளிம்பிலிருந்து வரும் காரமும் இடையில் சந்தித்து, மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, பழுப்பு வளையமாகத் துரு படிகிறது. ஒரு துளித் தண்ணீர் ஒரு குட்டி பேட்டரி. உப்பு இருந்தால் மின்சாரம் இன்னும் எளிதாக ஓடும். திருகாணித் தலைக்கு அடியிலும், உரிந்த பெயின்டின் ஓரத்துக்கு உள்ளேயும், ஈரம் தேங்கும் இடுக்குகளிலும் இரும்பு முதலில் ஓட்டையாவது இதனால்தான்.

கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி என் உறவினர் ஒருவரின் வீடு. பால்கனியின் அடிப்பக்கம் முதலில் தட்டினால் ‘டொப் டொப்’ என்று வெற்றுச் சத்தம் கேட்டது, பிறகு விரிசல், ஒரு மழைக்காலத்தில் இரண்டு கையளவு காங்கிரீட் பொத்தென்று விழுந்தது. உள்ளே இருந்த 8 மில்லிமீட்டர் கம்பியைச் சுரண்டினால் அடுக்கடுக்காக உரிந்தது. கொத்தனார் வந்து சிமெண்ட் குழைத்துப் பூசிவிட்டுப் போனார். இரண்டே வருடத்தில் அதே இடம் மறுபடி விழுந்தது.

நல்ல காங்கிரீட்டுக்குள் கம்பி பத்திரமாக இருக்க வேண்டும். சிமெண்ட் கடுமையான காரம். அமிலமா காரமா என்று அளக்கும் பிஹெச் எண் 12க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இறுக்கமாக ஒட்டிக்கொண்டு அதற்குக் கவசமாகிவிடுகிறது. இந்தக் கவசத்துக்கு இரண்டு எதிரிகள். காற்றின் கார்பன் டை ஆக்சைடு உள்ளே புகுந்து காரத்தை மெல்லக் குறைக்கும். கடல்காற்றோ உப்பு போர் தண்ணீரோ கொண்டுவரும் குளோரைடு படலத்தைத் துளைக்கும். துளைத்ததும் துரு தொடங்கும். துரு, தான் உண்டான இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கும். உள்ளிருந்து நெம்பும் அந்த அழுத்தத்தில்தான் காங்கிரீட் பிளக்கிறது. துருவையும் உப்பேறிய காங்கிரீட்டையும் சுரண்டி எடுக்காமல் மேலே பூசினால் உள்ளே பேட்டரி ஓடிக்கொண்டேதான் இருக்கும். வீடு கட்டும்போது கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை அலட்சியம் செய்யாதீர்கள். இந்தியத் தரநிலையில் சாதாரணச் சூழலுக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர் காங்கிரீட் மறைப்பு, கடலோரம் போன்ற கடுமையான சூழலுக்கு 45. அந்த 25 மில்லிமீட்டர்தான் உப்பு கம்பியை எட்டும் நாளைத் தள்ளிப்போடுகிறது. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஊர்க்காரர்கள் சொல்வதுபோல் ‘சிக்ரி’, மண்டபம் கடற்கரையில் அரிப்புச் சோதனைக்கென்றே ஓர் இடம் வைத்திருக்கிறது. பாம்பன் பக்கம் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு ஏன் அங்கே என்று விளக்கத் தேவையில்லை. சைக்கிள் ரிம்மே சொல்லும்.

எல்லா ஆக்சிஜனேற்றமும் கெடுதல் இல்லை என்பதற்கும் உலோகங்களிலேயே சான்று உண்டு. அலுமினியம் இரும்பைவிட வேகமாக எலக்ட்ரானை விடும் உலோகம், ஆனாலும் அலுமினிய ஜன்னல் உதிர்வதில்லை. அதன் ஆக்சைடு பொருக்காக உதிராமல் தோலாக ஒட்டிக்கொள்கிறது, ஆக்சிஜன் மேற்கொண்டு உள்ளே போக முடிவதில்லை. எவர்சில்வரில் வெள்ளி துளியும் இல்லை. இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்த்திருப்பார்கள், அதன் ஆக்சைடுதான் காவல். உப்பு ஜாடிக்கு எவர்சில்வர் டப்பா வைத்தவர்கள் அதில் ஊசிக் குத்துப்போல் பழுப்புப் புள்ளிகள் வருவதைப் பார்த்திருப்பார்கள், மறுபடியும் குளோரைடின் வேலை. டெல்லியில் சுமார் 1,600 ஆண்டுகளாக நிற்கும் இரும்புத் தூண் துருப்பிடிக்காததற்கு மந்திரமும் இல்லை, மறைந்துபோன உலோகக் கலவையும் இல்லை. அந்தக் காலத்து இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது தூணின் மேல் பாஸ்பேட் படலமாக உருவாகிக் காக்கிறது என்று கான்பூர் ஐஐடியின் பாலசுப்ரமணியம் ஆராய்ந்து எழுதினார். ஜிஐ குழாய் வேறு உத்தி: மேலே பூசிய துத்தநாகம் தன் எலக்ட்ரானை முந்திக்கொண்டு கொடுத்து, கீறல் விழுந்த இடத்திலும் இரும்பைக் காக்கிறது.

சமையலறைக்குப் போனால் வாழைப்பூ ஆய்ந்த கை கறுப்பது, வாழைக்காய், கத்தரிக்காய் வெட்டிய இடம் நிறம் மாறுவது எல்லாம் ஒரே நொதியின் வேலை. காய் முழுசாக இருக்கும்வரை அந்த நொதியும் அது தாக்கும் பினால் சேர்மங்களும் செல்லுக்குள் தனித்தனி அறையில் இருக்கின்றன. கத்தி பட்டதும் சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன, காற்றிலிருந்து ஆக்சிஜன் வருகிறது, பினால்கள் ஹைட்ரஜனை இழந்து பிறகு ஒன்றோடொன்று பின்னிப் பழுப்பாகின்றன. ஹைட்ரஜன் நீங்குவது என்ற அந்த நடு வரையறையை இங்கே நேரில் பார்க்கலாம். வாழைப்பூவை மோர்த் தண்ணீரில் போடுவது இரண்டு வகையில் உதவும்: தண்ணீர் காற்றைத் தடுக்கிறது, புளிப்பு நொதியை மந்தமாக்குகிறது.

இதே வினையைக் காசாக்கும் தொழில் ஒன்று இருக்கிறது. நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் தேயிலையை வாட்டி, உருட்டியோ இயந்திரத்தில் நசுக்கியோ செல்களை வேண்டுமென்றே உடைத்து, ஈரக்காற்றில் பரப்பி வைக்கிறார்கள். பச்சை இலை செம்பு நிறமாகி, அந்தத் தேநீர் வாசனை எழும்புகிறது. ஆலைகளில் இதை ‘ஃபெர்மென்டேஷன்’ என்பார்கள், ஆனால் தோசை மாவு புளிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நுண்ணுயிருக்கு இங்கே முக்கிய வேலை இல்லை. இலையின் சொந்த நொதி செய்யும் ஆக்சிஜனேற்றம் இது. சரியான பக்குவத்தில் டிரையரில் போட்டு நொதியைக் கொன்றுவிடுவார்கள். கிரீன் டீக்குத் தொடக்கத்திலேயே ஆவியிலோ சட்டியிலோ சூடேற்றி நொதியை அழித்துவிடுகிறார்கள், அதனால் பச்சையாகவே நிற்கிறது.

தீபாவளி முறுக்கு டப்பாவில் மூன்று வாரம் கழித்துச் சிக்கு வாடை அடிப்பதும் ஆக்சிஜனேற்றம். இது சங்கிலி வினை, ஒரு மூலக்கூறு கெட்டால் அது அடுத்ததைக் கெடுக்கும். அதனால்தான் பழைய எண்ணெயோடு புதியதை ஊற்றிக் கலந்தால் புதியதும் சீக்கிரம் கெடுகிறது. தேங்காய் எண்ணெயில் தாக்குதலுக்கு இடம் தரும் இரட்டைப் பிணைப்புகள் குறைவு. நல்லெண்ணெயில் அவை நிறைய இருந்தும் தாங்குகிறது, காரணம் எள்ளிலேயே இருக்கும் சில இயற்கைச் சேர்மங்கள் சங்கிலியை நடுவில் அறுக்கின்றன. சிப்ஸ் பாக்கெட்டை நைட்ரஜனால் உப்பவைப்பது உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் செய்யத்தான், காற்றை விற்பதாகத் திட்டுவது பாதிதான் நியாயம். தலைக்குப் போடும் டையில் இரண்டு பொருளைக் கடைசி நிமிடத்தில் கலக்கச் சொல்வதும் இதே வகை: நிறமற்ற சிறு மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பெராக்சைடு ஆக்சிஜனேற்றம் செய்து முடிக்குள்ளேயே பெரிய நிற மூலக்கூறாக்குகிறது. மீதியை நாளைக்கு என்று எடுத்து வைத்தால் கிண்ணத்திலேயே வினை முடிந்திருக்கும்.

நம் உடம்பில் நடப்பது இதைவிட நேர்த்தி. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுசாக எரிந்தால் 24 எலக்ட்ரான்கள் கைமாறுகின்றன. அடுப்பில் போட்டால் எல்லாம் ஒரே மூச்சில் தீயாகப் போகும். செல்லில் அவை படிப்படியாக இறங்குகின்றன, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் ஆற்றல் சேமிக்கப்படுகிறது, கடைசிப் படியில் ஆக்சிஜன் அவற்றை வாங்கித் தண்ணீராகிறது. நாம் மூச்சு இழுப்பதே அந்தக் கடைசி வாங்குபவருக்காகத்தான். சயனைடு அந்தக் கடைசிப் படியின் நொதியை அடைத்துவிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் எலக்ட்ரான் போக இடமில்லாமல் செல் நின்றுபோகிறது.

ஆக்சிஜன் சேர்ந்தும் ஆக்சிஜனேற்றம் ஆகாத இடமும் இரத்தத்திலேயே இருக்கிறது. ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பு +2 நிலையில் நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொள்கிறது, திசுவில் இறக்கிவிடுகிறது. ஒட்டியிருக்கும்போது எலக்ட்ரான் கொஞ்சம் ஆக்சிஜன் பக்கம் சாய்ந்தாலும், இறக்கியதும் இரும்பு பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. சுமப்பதுதான் இங்கே நடக்கிறது. அந்த இரும்பு நிஜமாகவே ஒரு எலக்ட்ரானை இழந்து +3 ஆகிவிட்டால் பிறகு அதனால் ஆக்சிஜனைச் சுமக்கவே முடியாது, இரத்தம் சாக்லேட் நிறமாகிறது. நைட்ரேட் அதிகமுள்ள கிணற்றுத் தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்த கைக்குழந்தைகள் நீலம் பாரிப்பது இதனால்தான். இந்தியக் குடிநீர்த் தரநிலை நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. கடுமையான நிலையில் மருத்துவர்கள் மெத்திலீன் நீலம் என்ற மருந்தை ஏற்றுவார்கள். உடம்பின் சொந்த நொதிகளின் துணையோடு அது இரும்பை மறுபடி +2க்கு இறக்குகிறது.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். காய், பழம், கீரை சாப்பிடுங்கள். மாத்திரை விஷயத்தில் எனக்குச் சந்தேகம் அதிகம். பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட, புகைபிடிக்கும் ஆண்களிடம் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டி ஆக்சிடன்ட்டைக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. குறையும் என்று எதிர்பார்த்த நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. உடம்புக்கு ஆக்சிஜனேற்றிகள் வேண்டாத விருந்தாளிகளும் அல்ல. நம் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல உற்பத்தி செய்யும் ஆயுதங்களில் ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம், தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டால் கிருமியைக் கொல்வதும் அதே பொருள்தான்.

கடைசியாக, ஆக்சிஜனேற்றம் என்று தவறாகச் சொல்லப்படும் சில. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதிப்பது ஆக்சிஜனேற்றம் அல்ல, அங்கே யாருடைய எண்ணும் மாறவில்லை. தேர்தலில் விரலில் வைக்கும் மை கறுப்பது அதற்கு நேர் எதிர்: வெள்ளி நைட்ரேட்டில் இருக்கும் வெள்ளி அயனி, தோல்மேல் வெளிச்சம் பட்டு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு உலோகத் துகளாகப் படிகிறது. மைசூரில் தயாராகி 1962 பொதுத்தேர்தலிலிருந்து புழக்கத்தில் இருக்கும் அந்த மை சோப்புக்கு அசையாது, நகம் வளர்ந்து வெட்டினால்தான் போகும். வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் கறையில் சோப்புப் போட்டதும் சிவப்பாவது காரத்தால் வரும் நிறமாற்றம். அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். அதே வேட்டியை ஈரத்தோடு உச்சி வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டால் கறை வெளிறிப் போகிறதே, அது ஆக்சிஜனேற்றம்.